பெட்டிக்குப் பிரேக் போடுங்கள், சாரதி மீது பழி போடாதீர்கள்!



தோட்டப் பாதையில் டிரக்டர் பெட்டி கவிழ்ந்தால் மறுநாள் வரும் செய்தி நமக்கு மனப்பாடம். உழவு இயந்திரம் வேகக் கட்டுப்பாட்டை இழந்தது, பாதையை விட்டு விலகியது, பள்ளத்தில் வீழ்ந்தது, சாரதியைப் பொலிஸார் கைது செய்தார்கள். அத்துடன் செய்தி முடிகிறது. பெட்டிக்குப் பிரேக் இருந்ததா? அத்தனை மூட்டை ஏற்றச் சொன்னது யார்? கொழுந்துச் சாக்குகளின் மேல் ஆட்களை ஏற்றி அனுப்பியது யார்? கொளுக்கிப் பின் தேய்ந்திருக்கிறது என்று சாரதி முன்பே சொன்னாரா? இந்தக் கேள்விகளை எவரும் கேட்பதில்லை. கேட்டால் பதில் தோட்டக் காரியாலயத்தின் வாசலில் போய் நிற்கும்.

பதுளை மாவட்டத்தில் இருக்கும் நமக்கு மலைப்பாதையைப் பற்றி யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. 2021 மார்ச் 20ஆம் திகதி பசறை 13ஆம் கட்டையில் பஸ் பள்ளத்தில் விழுந்ததை நாம் மறக்கவில்லை. 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல – வெல்லவாய பாதையில் இன்னொரு பஸ் விழுந்தது. ஒவ்வொன்றிலும் 14க்குக் குறையாத உயிர்கள் போயின. அப்போது நாடு முழுவதும் பாதைத் தடுப்பு பற்றியும் பஸ்களின் தரம் பற்றியும் பேசியது. பேசத்தான் வேண்டும். ஆனால் மடுல்சீமையிலோ நமுனுகுலையிலோ அப்புத்தளையிலோ ஒரு தோட்டத்தின் உள்பாதையில் பெட்டி புரண்டால் அதே நாடு மௌனமாகிவிடுகிறது. அந்தப் பாதைக்குத் தடுப்பும் இல்லை, பரிசோதகரும் இல்லை. அங்கே எல்லாமே சாரதியின் கவனயீனம்தான்.

இந்தக் கவனயீனக் கதையை நாம் ஏற்கவில்லை. பிரேக் இல்லாத பெட்டி சரிவில் தள்ளத் தொடங்கிய பிறகு, எவ்வளவு கெட்டிக்காரச் சாரதியாலும் செய்யக்கூடியது மிகக் கொஞ்சம். அவரைக் காப்பாற்றுவதா கைவிடுவதா என்பது அன்று காலையிலேயே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. எந்தப் பெட்டி, எவ்வளவு பாரம், எந்தக் கொளுக்கி, யார் ஏறுகிறார்கள் என்பவற்றைத் தீர்மானிப்பது நிர்வாகம். தீர்மானிப்பவரே பொறுப்பும் ஏற்க வேண்டும் என்பதுதான் நமது வாதம்.

பெட்டி ஏன் தள்ளுகிறது?

கணக்கு எளிது. 50 கிலோ உரமூட்டை 60 ஏற்றினால் 3,000 கிலோ, அதாவது 3 தொன். அதை இழுக்கும் சாதாரண டிரக்டரின் எடையோ ஏறத்தாழ 2 தொன்தான். பத்தடிக்கு ஓரடி இறங்கும் சரிவில், அந்த மூட்டைகளின் பாரம் மட்டுமே சுமார் 300 கிலோ விசையோடு டிரக்டரைப் பின்னாலிருந்து தள்ளும். பெட்டியின் சொந்த எடை அதற்கு மேல். நமது பாதைகளில் பத்துக்கு ஒன்று என்பது பெரிய சரிவே அல்ல.

சமதரையில் டிரக்டர் பெட்டியை இழுக்கிறது. சரிவில் பெட்டி டிரக்டரைத் தள்ளுகிறது. பெட்டிக்குச் சொந்தப் பிரேக் இல்லாவிட்டால், 5 தொன்னையும் டிரக்டரின் பின்சக்கரங்கள் இரண்டு மட்டும்தான் பிடித்து நிறுத்த வேண்டும். சாதாரண டிரக்டரில் முன்சக்கரத்துக்குப் பிரேக் கிடையாது என்பதை காரியாலயத்தில் இருந்துகொண்டு கட்டளை போடுபவர்கள் எத்தனை பேர் அறிவார்கள்?

நேர்ப்பாதையில் பெட்டி நேராகத் தள்ளும். வளைவில் கோணலாகத் தள்ளும். அந்த நேரத்தில் சாரதி பிரேக்கை அழுத்தி மிதித்தால் டிரக்டரின் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வழுக்கும். பெட்டி தள்ளுவதை நிறுத்தாது. டிரக்டரின் பின்பக்கம் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு, இரண்டும் மடக்குக் கத்தி போல மடிந்துவிடும். பெட்டியின் மூக்கு சாரதியின் ஆசனத்தை நோக்கி வரும். மழை நாளில், செம்மண் சேற்றில், சருகு கிடக்கும் பாதையில் இதற்குப் பெரிய வேகமும் தேவையில்லை.

வேகம் என்றால் இன்னொன்று. மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் போகும் டிரக்டர் ஒரு வினாடியில் ஐந்தரை மீற்றர் ஓடும். சாரதி கண்டு, நினைத்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் அந்த ஐந்தரை மீற்றர் போய்விடும். வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்துவதற்குத் தேவையான சக்தி நான்கு மடங்காகும். "ஸ்டோருக்குக் கொழுந்து நேரத்துக்கு வரவில்லை" என்று தொலைபேசியில் சத்தம் போடுபவர் இந்த நான்கு மடங்கையும் சேர்த்துத்தான் கேட்கிறார்.

பெட்டி ஆடுவதற்கும் காரணம் உண்டு. பாரம் பின்பக்கம் குவிந்தால் பெட்டியின் மூக்கு மேலே எழும்பப் பார்க்கும். டிரக்டரின் பின்சக்கரத்தின் மேல் அழுத்தம் குறையும். சக்கரம் பிடிமானத்தை இழக்கும், பெட்டி வால் ஆட்டத் தொடங்கும். கொளுக்கியின் துளை தேய்ந்து பெருத்திருந்தாலும், ஒரு பக்க டயரில் காற்றுக் குறைந்தாலும், ஈரக் கொழுந்து ஒரு பக்கமாகச் சரிந்தாலும் இதே ஆட்டம் வரும். இவற்றில் எதுவும் விதி அல்ல. புறப்படும் முன் பார்த்துச் சரிசெய்யக்கூடியவை.

சாரதித் தோழர்களுக்கு

பிரேக் உள்ள பெட்டி கிடைக்கும் வரை நமது உயிரைக் காக்க நமக்குத் தெரிந்தவற்றை எல்லோருக்கும் தெரியப்படுத்துவோம். பழைய சாரதிகள் பலர் இவற்றைச் சொல்லித்தான் புதியவர்களைப் பழக்குகிறார்கள். சில தோட்டங்களில் ஆள் பற்றாக்குறை என்று சொல்லி நேற்று வந்த வாலிபனிடம் சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். அவனுக்கும் இது போய்ச் சேர வேண்டும்.

பாதையில் ஓடும்போது இடது, வலது பிரேக் மிதிகள் இரண்டையும் இணைக்கும் பூட்டைப் போட்டிருக்க வேண்டும். நிலத்தில் வேலை செய்யும்போது திருப்புவதற்காகப் பிரித்த மிதிகளை அப்படியே விட்டுப் பாதையில் ஏறினால், அவசரத்தில் ஒரு மிதி மட்டும் அழுந்தி டிரக்டர் ஒரு பக்கம் சுழன்றுவிடும்.

இறக்கம் தொடங்கும் முன்பே சிறிய கியருக்கு வந்துவிட வேண்டும். ஏறுவதற்குத் தேவைப்படும் கியரிலேயே இறங்குவது நல்லது. இறக்கத்தின் நடுவில் கிளட்சை மிதித்துக் கியர் மாற்ற முயன்றால் எஞ்சினின் பிடி விட்டுப்போகும். மீண்டும் கியர் விழாவிட்டால் 5 தொன்னும் சுதந்திரமாக உருளும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குவது உயிரை அடகு வைப்பது. டீசல் கணக்கைக் காட்டி எவர் சொன்னாலும் அதைச் செய்யாதீர்கள்.

பெட்டி ஆடத் தொடங்கினால் சடாரென்று பிரேக் மிதிக்கக் கூடாது. ஆட்டத்துக்கு எதிராக ஸ்டியரிங்கை வெட்டவும் கூடாது. அக்சிலேட்டரை மெதுவாக விட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, எஞ்சினின் பிடியிலேயே வேகத்தைக் குறைக்க வேண்டும். பெட்டிக்குத் தனிப் பிரேக் இருந்தால் முதலில் அதை மெதுவாகப் போட வேண்டும். பின்னால் இழுத்துப் பிடித்தால் பெட்டி நேராகும். டிரக்டரின் பிரேக்கை விட்டு விட்டு, சிறிது சிறிதாக மிதிக்க வேண்டும்.

ஏற்றத்தில் எஞ்சின் நின்றுபோனால் முதல் வேலை பிரேக். பிறகு கைப்பிரேக். உதவியாளர் மேட்டுப் பக்கமாக இறங்கி, பெட்டிச் சக்கரத்துக்குப் பின்னால் கட்டை கொடுக்க வேண்டும். பாதையோரத்தில் கிடைக்கும் உருண்டைக் கல் உருண்டுவிடும். அதனால் ஆப்பு மாதிரிச் சீவிய கட்டை இரண்டு எப்போதும் டிரக்டரில் இருக்க வேண்டும். கட்டை வைக்கும் முன் யாரும் பெட்டியின் பின்னால் போகக் கூடாது. ஒன்றும் கைகொடுக்காத நிலை வந்தால் பள்ளப் பக்கத்தை விட்டு மேட்டுப் பக்க மண்திட்டிலோ கானிலோ டிரக்டரைச் சாத்த வேண்டும். டிரக்டர் நசுங்கினால் கம்பனி திருத்திக்கொள்ளும்.

இவ்வளவையும் தெரிந்த சாரதி நல்ல சாரதி. ஆனால் இவ்வளவையும் சரியாகச் செய்தாலும், பிரேக் இல்லாத 3 தொன் பாரம் அவரைத் தள்ளிக்கொண்டுதான் இருக்கும். அதனால்தான் அறிவுரையோடு நிறுத்திக்கொள்ளும் நிர்வாகத்தை நாம் நம்புவதில்லை.

ஆட்களை ஏற்றுவது யார்?

இதைவிடப் பெரிய அநியாயம், அதே பெட்டியில் மனிதர்களை ஏற்றுவது. காலைப் பிரட்டு முடிந்ததும் தூர மலைக்குப் போகப் பெண்களைப் பெட்டியில் ஏற்றுகிறார்கள். மாலையில் கொழுந்துச் சாக்குகளின் மேல் உட்கார்த்தி இறக்குகிறார்கள். பெட்டியில் ஆசனம் இல்லை, பிடிக்கக் கம்பி இல்லை. டிரக்டர் திடீரென நின்றால் நிற்காமல் முன்னே போவது உள்ளே இருப்பவர்கள்தான். சாக்கின் மேல் உட்கார்ந்தவரின் இடுப்பு பெட்டிப் பலகையைவிட உயரத்தில் இருக்கும். அவரைத் தடுக்க எதுவும் கிடையாது.

பெட்டி ஆட்களுக்கான வாகனம் அல்ல என்பதற்கு நமது நாட்டிலும் அயல்நாட்டிலும் வேண்டிய அளவு சாட்சி இருக்கிறது. 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவில், வெள்ளத்தைக் கடக்க முயன்ற உழவு இயந்திரப் பெட்டியில் இருந்த மத்ரஸா மாணவர்கள் அடித்துச் செல்லப்பட்டு மாண்டார்கள். இந்தியாவில் உத்தரப் பிரதேசத்தின் கான்பூர் மாவட்டத்தில் 2022 ஒக்டோபர் 1ஆம் திகதி, கோயிலுக்குப் போய்த் திரும்பியவர்களின் டிரக்டர் பெட்டி குளத்தில் கவிழ்ந்தது. 25க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அதன் பிறகுதான் டிரக்டர் பெட்டியில் ஆட்களை ஏற்றாதீர்கள் என்று அந்த மாநில முதலமைச்சரே கேட்டுக்கொள்ள நேர்ந்தது. மகாராஷ்டிரத்தின் நாந்தேட் மாவட்டத்தில் 2025 ஏப்ரல் 4ஆம் திகதி வயல் வேலைக்குப் போன பெண்களோடு டிரக்டர் கிணற்றில் விழுந்தது. 7 பெண்கள் வீடு திரும்பவில்லை. அவர்களும் நம்மைப் போல நாட்கூலிக்குப் போனவர்கள்தான்.

நிர்வாகம் சொல்லும் பதில்களும் நமது பதிலும்

"அந்தக் காலத்திலிருந்து இப்படித்தான் போகிறார்கள்" என்பது முதல் பதில். அந்தக் காலத்திலிருந்து நடப்பவை எல்லாம் தொடர வேண்டுமென்றால் நாம் இன்னும் பத்தடிக் காம்பராவுக்குள் குடியுரிமை இல்லாமல்தான் இருந்திருப்போம். போராடி மாற்றினோம். இதையும் மாற்றலாம்.

"அவர்களே விரும்பித்தான் ஏறுகிறார்கள்" என்பது இரண்டாவது. நாலு கிலோமீற்றர் மேட்டில் நடந்து பிந்திப் போனால் பேர் போகும் என்று பயப்படும் ஒரு தாய், முன்னால் வந்து நிற்கும் பெட்டியில் ஏறுவதை விருப்பம் என்று சொல்பவர் ஒருநாள் அந்தச் சாக்கின் மேல் உட்கார்ந்து வந்து பார்க்கட்டும். பத்திரமான வாகனத்தையும் பெட்டியையும் அருகருகே நிறுத்திவிட்டு, எதில் ஏறுவீர்கள் என்று கேளுங்கள். அப்போது தெரியும் விருப்பம்.

"பணம் இல்லை" என்பது மூன்றாவது. 1992இல் தோட்டங்களைப் பொறுப்பேற்ற காலம் தொட்டு பிராந்தியத் தோட்டக் கம்பனிகள் இதைத்தான் சொல்கின்றன. பெட்டிக்கு ஒரு பிரேக், புதிய கொளுக்கிப் பின், அதற்கொரு பாதுகாப்புச் சங்கிலி, இரண்டு கட்டை. இதற்குக்கூடப் பணம் இல்லாத தோட்டம் எந்தத் துணிச்சலில் மனிதரை வேலைக்கு அழைக்கிறது?

"சாரதிகளுக்குக் கவனம் போதாது" என்பது கடைசிப் பதில். சுவீடன் நாட்டிலும் டிரக்டர் புரண்டு சாரதிகள் செத்தார்கள். அந்த நாடு கவனமாக ஓட்டச் சொல்வதோடு நிற்கவில்லை. 1959ஆம் ஆண்டிலிருந்து புதிய டிரக்டர்கள் அனைத்துக்கும் சாரதியைக் காக்கும் இரும்புச் சட்டம் கட்டாயம் என்று சட்டம் போட்டது. அந்தச் சாவுகள் பெருமளவு குறைந்தன. மனிதன் தவறுவான் என்று தெரிந்துதான் இயந்திரத்தைத் திருத்த வேண்டும்.

சட்டம் எங்கே நிற்கிறது?

தேயிலைத் தொழிற்சாலைக்குள் ஓடும் இயந்திரத்துக்கு 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. பரிசோதகர் வந்து மறைப்பு இருக்கிறதா என்று பார்க்கலாம். ஆனால் கொழுந்து மலையிலிருந்து அந்தத் தொழிற்சாலைக்கு வரும் வழி அந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. கொழுந்து ஒன்றுதான், தொழிலாளியும் ஒருவர்தான். வாசலுக்கு உள்ளே ஒரு பாதுகாப்பு, வெளியே ஒன்றும் இல்லை.

சர்வதேசத் தொழில் நிறுவனம் 2001இல் விவசாயத்தில் பாதுகாப்பும் சுகாதாரமும் பற்றிய 184ஆம் இலக்க உடன்படிக்கையை நிறைவேற்றியது. ஆட்களை ஏற்றுவதற்கென அமைக்கப்படாத அல்லது மாற்றியமைக்கப்படாத விவசாய இயந்திரங்களையும் வாகனங்களையும் ஆட்களை ஏற்றப் பயன்படுத்தக் கூடாது என்று அது தெளிவாகச் சொல்கிறது. நாம் கேட்பது புதிய சலுகை எதுவும் அல்ல. உலகம் ஒத்துக்கொண்ட ஒன்றைப் பதுளையிலும் நடைமுறைப்படுத்துங்கள் என்கிறோம்.

விபத்து நடந்துவிட்டால் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 2022இல் வந்த திருத்தத்தின் பின் உச்ச நட்டஈடு 20 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தும் இதில் அடங்கும். ஆகவே, "இன்னும் பேர் போடவில்லை, வழியில்தான் விழுந்தார்" என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். விபத்து நடந்த அன்றே நாள், நேரம், இடம், டிரக்டர் இலக்கம், ஏற்றியிருந்த பாரம், உடன் இருந்தவர்களின் பெயர் ஆகியவற்றை எழுதிவைத்துத் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். வைத்தியசாலையில் வெறுமனே "விழுந்துவிட்டேன்" என்று சொல்லாமல், வேலைக்குப் போகும்போது பெட்டியிலிருந்து விழுந்ததாகப் பதியச் சொல்லுங்கள்.

இன்னொரு ஆபத்தையும் கவனிக்க வேண்டும். கொழுந்தைக் கொந்தராத்துக்காரரின் டிரக்டரில் ஏற்றுவதும், தொழிலாளியை வெளிவாரி ஆள் என்று எழுதுவதும் கூடிவருகிறது. பெட்டி ஓடும் வரை அது தோட்டத்துக் கொழுந்து. கவிழ்ந்த பிறகு டிரக்டர் யாருடையதோ, ஆள் யாருடையவரோ. டிரக்டர் எவருடையதாக இருந்தாலும், தோட்டத்துக் கொழுந்தையும் தோட்டத்து ஆட்களையும் ஏற்றும்போது முழுப் பொறுப்பும் தோட்ட நிர்வாகத்துக்கே என்று எழுத்தில் வர வேண்டும்.

நமது கோரிக்கைகள்

1. பிரேக் இல்லாத பெட்டியை எந்தத் தோட்டமும் சரிவுப் பாதையில் ஓட்டக் கூடாது. இருக்கும் பெட்டிகளுக்குப் பிரேக் பொருத்தப்பட வேண்டும்.

2. ஆட்களைப் பாரத்தோடு சேர்த்து ஏற்றுவது உடனடியாக நிற்க வேண்டும். தூர மலைகளுக்கு ஆசனமும் கூரையும் ஏறி இறங்கப் படியும் உள்ள வாகனம் தரப்பட வேண்டும். அது வரும் வரை நடந்து போகும் நேரம் வேலை நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும்.

3. ஒவ்வொரு பெட்டியிலும் ஏற்றக்கூடிய உச்ச பாரம் தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் எழுதப்பட வேண்டும்.

4. கொளுக்கி, பின், சங்கிலி, டயர், பிரேக், கட்டை ஆகியவற்றை வாரம் ஒருமுறை பரிசோதித்துப் புத்தகத்தில் பதிய வேண்டும். அந்தப் புத்தகத்தில் சாரதியும் கையெழுத்திட வேண்டும். தோட்டத் தலைவர் கேட்டால் காட்ட வேண்டும்.

5. பழுதுள்ள வாகனத்தையோ கூடுதல் பாரத்தையோ எடுக்க மறுக்கும் சாரதிக்கு அன்றைய பேர் வெட்டப்படக் கூடாது. வேலை மாற்றமோ எச்சரிக்கைக் கடிதமோ கொடுக்கக் கூடாது.

6. தொழில் திணைக்களம் தோட்ட உள்பாதைகளையும் தோட்ட வாகனங்களையும் தனது பரிசோதனைக்குள் கொண்டுவர வேண்டும்.

ஐந்தாவது கோரிக்கையைத்தான் நிர்வாகங்கள் அதிகம் எதிர்க்கும். மற்றவற்றுக்கு ஆம் என்று சொல்லிவிட்டு இதை மட்டும் தள்ளிப்போடப் பார்ப்பார்கள். காரணம், மறுக்கும் உரிமை இல்லாத சாரதியிடம் எந்தப் புத்தகத்திலும் கையெழுத்து வாங்கலாம். அந்த உரிமை கிடைத்தால் மற்ற ஐந்தையும் நாமே காவல் காக்கலாம். ஆகவே, இதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

தோழர்களே! அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்கு முன் ஒரு வேலையை முடிப்போம். உங்கள் தோட்டத்தில் எத்தனை பெட்டிகள் ஓடுகின்றன, அவற்றில் எத்தனைக்குப் பிரேக் உண்டு, எந்தெந்த மலைக்குப் பெட்டியில் ஆட்கள் போகிறார்கள் என்று எழுதித் தோட்டத் தலைவரிடமும் மாதர் சங்கத் தலைவியிடமும் கொடுங்கள். சாரதிகளும் கொழுந்து எடுக்கும் பெண்களும் சேர்ந்து உட்கார்ந்து அந்தப் பட்டியலைத் தயாரிக்க வேண்டும். பெட்டியின் முன்னால் இருப்பவருக்கும் மேலே இருப்பவர்களுக்கும் ஆபத்து ஒன்றே. பட்டியலோடு போய்த் துரையின் முன் நிற்கும்போது, சாரதி தனியாக நிற்கக் கூடாது. அவருக்குப் பின்னால் பிரட்டு முழுவதும் நிற்க வேண்டும்.